வெள்ளம் வர முன்ன கட்டின கிணத்துக்கட்டு

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, பங்குச்சபைத் தலைவர் அவர்களே, ரோட்டெல்லாம் தண்ணி நிக்கிற இந்த டிசம்பர் மழையிலயும் வந்து முன்வரிசையில இருக்கிற மெதடிஸ்த சபைப் போதகர் ஐயா அவர்களே, பிள்ளையார் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் ஐயா அவர்களே, கிராம சேவையாளர் தம்பி, தாய்மாரே, தகப்பன்மாரே, புள்ளைகளே, எல்லாருக்கும் அமலோற்பவ மாதா திருவிழா வாழ்த்துகள். வண்ணக்கர் ஐயா எங்கட கொடியேத்தத்துக்குப் பந்தல் சாமான் தந்தவர், ஆள்களையும் அனுப்பினவர், அதை இந்த மேடையில சொல்லாட்டி என்ட மனம் கேக்காது.

இண்டைக்கு மூண்டு விசயம் பேசலாமெண்டு வந்தன். அமலோற்பவம் எண்டா என்ன, மாதாவுக்கும் மீட்பர் தேவைப்பட்டாரா, அருள் நிறைஞ்ச ஒரு ஆளுக்கு சுதந்திரம் எப்பிடி இருந்தது.

போன மாசம் மறைக்கல்வி வகுப்பில முதல் கேள்வியைக் கேட்டன். பன்னிரண்டு புள்ளைகள் இருந்தாங்க, பன்னிரண்டு பேரும் "யேசு கன்னியிட்ட பிறந்தது" எண்டாங்க. அது வேற விசயம். அமலோற்பவம் எண்டது மரியா தன்ட தாய் அன்னம்மாள்ட வயித்தில உருவான அந்த முதல் நொடியிலயே ஜென்மப்பாவம், அதாவது ஆதாம் ஏவாள்ட பாவத்தால எல்லாரும் பிறக்கேக்கயே சுமந்து வாற பாவம், அவவில ஒட்டாம கடவுள் காத்தது. அன்னம்மாளும் சுவக்கீனும் எல்லாரையும் போல கலியாணம் முடிச்சு வாழ்ந்த தாய் தகப்பன்தான், அதில அதிசயம் ஒண்டுமில்ல, அதிசயம் அருளில இருக்கு. 1854 டிசம்பர் 8இல பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் இதை விசுவாசப் பிரகடனமா அறிவிச்சார். நாலு வருசம் கழிச்சு பிரான்ஸ் நாட்டு லூர்துவில பதினாலு வயசு பெர்னதெத் "நாமே அமலோற்பவம்" எண்டு மாதாட காட்சியில தான் கேட்ட சொல்லை, கருத்து விளங்காமலே, மறந்திடுவன் எண்ட பயத்தில வழி நெடுகச் சொல்லிச் சொல்லிப் போய்த்தான் பங்குச்சாமியாரிட்ட சொன்னவ.

மறுகா போதகர் ஐயா என்னட்ட எப்பவும் கேக்கிற கேள்வி, எல்லாரும் பாவம் செய்தாங்க எண்டு பவுலடியார் எழுதியிருக்காரே, பாவமே இல்லாட்டி மாதாவுக்கு மீட்பர் என்னத்துக்கு? நல்ல கேள்வி. பெரிய இறையியல் மேதை தோமா அக்குவினாவே இதிலதான் தயங்கினவர். பிறகு தன்ஸ் ஸ்கோட்டஸ் எண்ட பிரான்சிஸ்கன் துறவிதான் விளக்கம் சொன்னார், விழுந்தவனைத் தூக்கிறதும் மீட்பு, விழாமலே காக்கிறது அதைவிடப் பெரிய மீட்பு எண்டு. எங்கட ஆக்கள் சொல்லுவாங்களே, வெள்ளம் வர முன்ன அணை போடு எண்டு, அதுதான்.

2011 ஜனவரி வெள்ளம் ஞாபகமிருக்கா? மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் எங்கட பெரியம்மாட வளவில ஒரு கிணறு. வெள்ளத்துக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னமே அவட மருமகன், மேசன் வேலை செய்றவர், "மாமி, இந்த முறை மழை சும்மா போகாது" எண்டு சொல்லி, கிணத்துக்கட்டை நெஞ்சளவுக்கு உயத்திப் பூசிட்டார். ஊரே சிரிச்சது, வாளி இறக்க ஏணி வைக்கப் போறயா எண்டு பெரியம்மாவும் ஏசினவ. மறுகா வெள்ளம் வந்தது, வளவுக்க இடுப்பளவு தண்ணி, கோழிக்கூடு மிதக்குது, மாடு வைக்கோல் போருக்கு மேல நிக்குது, ஊரில உள்ள கிணறெல்லாம் சேத்துத் தண்ணியும் செத்த எலியுமா நிறைஞ்சு போச்சு, பெரியம்மாட கிணத்தில மட்டும் தண்ணி கட்டுக்கு நாலு விரல் கீழ நிண்டிட்டு. வெள்ளம் வத்தின உடனே கேனும் குடமுமா ஊர்ச்சனம் அவட படலையில லைன்ல நிண்டது. அந்த மருமகன் என்ன செய்தார் தெரியுமா, இரவல் பம்ப் ஒண்டை சைக்கிள்ள கட்டி, மற்ற வீட்டுக் கிணறுகளை ஒவ்வொண்டா இறைச்சு, குளோரின் போட்டுக் குடுத்தார். ஆரோ "உங்கட கிணறு ராசியான கிணறு பெரியம்மா" எண்டதுக்கு அவ சொன்னா, "கிணத்திட ராசி இல்ல மனே, கட்டினவன்ட கை."

அதேதான் ஐயா. நம்ம கிணறுகளை யேசு ஞானஸ்நானத்தில இறைச்சுச் சுத்தமாக்கிறார். மாதாட கிணத்துக்கு அதே யேசு முன்னமே கட்டு உயத்திட்டார், சிலுவையிட பலன் கல்வாரிக்கு முன்னமே அவவுக்குக் கிடைச்சது. ரெண்டும் ஒரே கை. அதாலதான் மாதாவே தன்ட பாட்டில "என் மீட்பராம் கடவுள்" எண்டு பாடுறா. வெள்ளம் வர முன்ன அணை போட்டவர் கடவுள்.

இப்ப மூண்டாவது விசயத்துக்கு வர முன்ன ஒண்டு கேக்கிறன். வகுப்பில பன்னிரண்டு பேர் எண்டனே, பதிவில நாப்பத்தியொரு பேர் இருக்கு. மிச்சப் புள்ளைகள் எங்க? ஞாயிறு காலை ஏழு மணிக்கே ரியூசன் கொட்டிலுக்க இருக்காங்க. அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்சிப் சோதினைப் புள்ளையிலிருந்து பதினொராம் வகுப்பு ஓஎல் புள்ளை வரைக்கும், பூசையுமில்ல, மறைக்கல்வியுமில்ல, நித்திரையுமில்ல. வண்ணக்கர் ஐயாட அறநெறி வகுப்பிலயும் இதே கதைதான், கேட்டுப் பாருங்க. புள்ளை போதைக்குள்ள விழுந்த பிறகு சாமியாரிட்ட கூட்டிட்டு வந்து அழுகிற தாய்மாரை நான் பாத்திருக்கிறன். தாயே, வெள்ளம் வர முன்ன அணை போடுங்க. ஆறு நாள் படிக்கட்டும், ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் ரியூசன் வேண்டாம். ஊர் சேந்து கேட்டா வாத்திமாரும் கேப்பாங்க, அவங்களும் நம்ம புள்ளைகள்தான்.

நேரம் போயிட்டு, சாமி மணியைப் பாக்கிறார், மூண்டாவது விசயத்தை இன்னொரு நாளைக்குப் பேசுவம். கோயில் வாசல்ல மேசைக்கு மேல, ஞாயிறு ரியூசனை நிப்பாட்டச் சொல்லிக் கேட்டுக் கையெழுத்து வைக்க, நீலக் கொப்பி ஒண்டு வச்சிருக்கு. வண்ணக்கர் ஐயா முதல் கையெழுத்து வச்சிட்டார், போதகர் ஐயா ரெண்டாவது. மூண்டாவது வரி நம்ம தாய்மாருக்கு விட்டிருக்கு, பேனை கொப்பிக்குள்ளயே இருக்கு.