ஓடாத இசைத்தட்டுகள்

பேச்சுக்கு முன்னால் ஒரு பாட்டைப் போட்டுவிடுங்கள் என்று கேட்டிருந்தேன். போட்டாயிற்று. இரண்டரை நிமிடப் பாட்டு. அது முடியும்வரை யாரும் கைபேசியைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், நன்றி.

பாடியவர் ஜேம்ஸ் கார். பாட்டு 'தி டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்', 1967இல் வெளிவந்தது. இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது.

நம் பக்கத்தில் "நல்ல படம்தான், ஆனா ஓடல" என்று சொல்வோம் இல்லையா? அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நன்றாக இருப்பது வேறு, ஓடுவது வேறு என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறோம். சோல் இசையில் அப்படி ஓடாமல் போன, அல்லது கொஞ்ச தூரம் ஓடி மூச்சு வாங்கி நின்றுவிட்ட சிங்கிள்களைப் பற்றித்தான் இன்று பேச்சு. சிங்கிள் என்றால் ஏழு அங்குலத் தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று. சோல் என்றால், கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் ஆண்டவரை நோக்கி எழுந்த அதே கதறல் வெளியே வந்து ஆணையும் பெண்ணையும் நோக்கித் திரும்பிய பாட்டு. இலக்கணம் இதைவிட நீளம். இப்போதைக்கு இது போதும்.

காரிடம் திரும்புவோம். இந்தப் பாட்டில் ஊருக்குத் தெரியாமல் இருவர் இருட்டுத் தெருக்கோடியில் சந்திக்கிறார்கள். செய்வது தப்பு என்று தெரியும். ஒருநாள் பிடிபடுவோம் என்றும் தெரியும். ஆனாலும் விட முடியவில்லை. நம் அகப்பாட்டில் களவு என்றால் முடிவில் கற்பு காத்திருக்கும். இங்கே காத்திருப்பது கணக்குத் தீர்க்கும் நாள்.

எழுதியவர்கள் டான் பென், சிப்ஸ் மோமன். 1966இல் நாஷ்வில் நகரில் வானொலி அறிவிப்பாளர்கள் மாநாடு நடக்கிறது. இவர்கள் இருவரும் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டத்தின் இடைவேளையில் எழுத ஓர் அறை வேண்டும். சின்ன இசைத்தட்டு நிறுவனம் ஒன்றை நடத்திய குவின்டன் கிளாஞ்ச் என்பவர் தன் விடுதி அறைச் சாவியைக் கொடுக்கிறார், ஒரே ஒரு நிபந்தனையோடு: பாட்டு ஜேம்ஸ் காருக்கு வர வேண்டும். அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டார்களாம்.

இனி குரலைக் கவனியுங்கள். நம் காதுகள் பிருகாவுக்குப் பழகியவை. தேவாலயத்தில் பாடி வளர்ந்த எந்தப் பாடகருக்கும் அதற்கு இணையான வித்தை கைவசம் உண்டு, காருக்கும் உண்டு. இந்தப் பாட்டில் அவர் அதைச் செலவழிக்கவே இல்லை. அழ வேண்டிய இடத்தில் அழாமல் இருக்கிறார். யாரோ கேட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறவனைப்போலப் பாடுகிறார். பின்னாளில் அரீதா ஃபிராங்க்ளின் இதைப் பாடினார், பெர்சி ஸ்லெட்ஜ் பாடினார், இன்னும் எத்தனையோ பேர் பாடினார்கள். அரீதாவை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் பாடும்போது அது மேடையில் நின்று தரும் சாட்சியம். கார் பாடும்போது மட்டும்தான் அந்தத் தெருக்கோடியில் உண்மையிலேயே விளக்கு இல்லை.

இத்தனைக்கும் பிறகு என்ன ஆனது? கறுப்பினத்தவர் வாங்கும் தட்டுகளுக்கென்று இருந்த 'ஆர் அண்ட் பி' பட்டியலில் பத்தாம் இடம். எல்லோருக்குமான 'பாப்' பட்டியலில் 77. அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள தூரம்தான் அன்றைய அமெரிக்கா.

கிளாஞ்சின் நிறுவனத்துக்குப் பெயர் கோல்ட்வாக்ஸ். மெம்ஃபிஸ் நகரம். அவருக்கு வயிற்றுப்பிழைப்பு இரும்புக்கடைச் சாமான் விற்பனை, கூட்டாளி ரஸ்ஸல் மருந்தாளுநர். ஒருநாள் நள்ளிரவில் கிளாஞ்சின் கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் ரூஸ்வெல்ட் ஜேமிசன் என்ற மனிதர் நிற்கிறார், ரத்த வங்கியில் வேலை பார்ப்பவர். கையில் ஒரு டேப் ரெக்கார்டர், கூடவே இரண்டு இளைஞர்கள். கூடத்துத் தரையில் உட்கார்ந்து டேப்பைக் கேட்கிறார்கள். அந்த இருவரில் ஒருவர் ஜேம்ஸ் கார், மற்றவர் ஓ. வி. ரைட். ஒரே இரவில் ஒரே வீட்டு வாசலுக்கு இப்படி இரண்டு குரல்கள் வந்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் நம்ப முடியவில்லை.

சின்ன நிறுவனத்தின் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். தட்டு அச்சிடுகிற ஆலைக்கு உடனே காசு கொடுக்க வேண்டும். தட்டை வாங்கிக் கடைகளுக்கு அனுப்புகிற விநியோகஸ்தரோ மாதக்கணக்கில் இழுத்தடிப்பார். அடுத்த தட்டும் ஓடினால்தான் முந்தைய தட்டுக்கான பணமே வரும். ஆகவே ஒரு பாட்டு திடீரென்று பிய்த்துக்கொண்டு போவதுகூட முதலாளிக்கு ஆபத்து: கேட்ட அளவு அச்சடிக்கக் கையில் பணம் இருக்காது. பெரிய நிறுவனங்கள் இதைத் தாங்கும். இரும்புச்சாமான் விற்பவர் எப்படித் தாங்குவார்? கோல்ட்வாக்ஸ் அந்தப் பத்தாண்டைத் தாண்டவில்லை.

காருக்கு மனநோய் இருந்தது. 1979இல் ஜப்பான் அவரை அழைத்தது. டோக்கியோ மேடையில் ஒலிவாங்கிக்கு முன்னால் அப்படியே உறைந்து நின்றுவிட்டார். 2001இல், 58 வயதில் மறைந்தார். அந்த நோயைக் காட்டித்தான் சிலர் இந்தப் பாட்டுக்கு மெருகேற்றுகிறார்கள், பைத்தியத்தின் விளிம்பில் பிறந்த கலை என்று. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. நீங்கள் கேட்டது தன் குரலின் ஒவ்வோர் அங்குலத்தையும் கட்டுக்குள் வைத்திருந்த ஒரு தொழில்காரரை.

கட்டுக்குள் வைக்காத குரலும் வேண்டும் அல்லவா? இதோ லோரெய்ன் எலிசன், பிலடெல்பியாக்காரர். 1966இல் ஃபிராங்க் சினாட்ரா தன் ஒலிப்பதிவு ஒன்றை ரத்து செய்தார். 46 பேர் கொண்ட வாத்தியக்குழு ஏற்கெனவே அமர்த்தப்பட்டிருந்தது. தயாரிப்பாளர் ஜெரி ரேகவாய் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டார். பெரிய நட்சத்திரத்துக்குப் போட்ட பந்தலில் வேறொரு கல்யாணம். பாட்டு 'ஸ்டே வித் மீ'. ஆரம்பத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும், போகாதே என்ற இடம் வந்ததும் அந்த 46 பேரையும் தாண்டிக்கொண்டு குரல் எழும். பிறகு இயக்குகிறேன், ஒலியைக் கொஞ்சம் குறைத்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கிடைத்தது பாப் பட்டியலில் 64ஆம் இடம்.

ஓடாத தட்டுகளுக்கு இன்னொரு நாட்டில் மறுபிறப்பு கிடைத்த கதையும் உண்டு. 1970களில் இங்கிலாந்தின் வடபகுதி. பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், விகன் கேசினோ போன்ற மண்டபங்களில் விடிய விடிய ஆடுவார்கள். சுழன்று ஆட வசதியாகத் தரையில் முகப்பவுடர் தூவுவார்கள். அவர்களுக்கு வேண்டியது அமெரிக்காவில் விலைபோகாத வேகமான சோல் சிங்கிள்கள். இதற்கு 'நார்தர்ன் சோல்' என்று பெயர் வைத்தவர் பத்தி எழுத்தாளர் டேவ் காடின். போட்டி எவ்வளவு என்றால், அடுத்தவர் தேடிப் பிடித்துவிடக் கூடாதென்று தட்டின் பெயர்ச்சீட்டை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துப் பொய்ப் பெயரில் போடுவார்கள். குளோரியா ஜோன்ஸ் 1965இல் பாடிய 'டெயின்டட் லவ்' வெறும் பின்பக்கப் பாட்டு. முன்பக்கமும் ஓடவில்லை, இதுவும் ஓடவில்லை. அந்த ஆட்ட மண்டபங்கள்தான் அதற்கு உயிர் கொடுத்தன. 1981இல் சாஃப்ட் செல் என்ற குழு அதை மறுபடி பாடியபோது பிரிட்டனில் முதலிடம்.

அந்தப் பிள்ளைகள் செய்தது பெரிய காரியம். ஆனாலும் ஒரு நெருடல் எனக்கு உண்டு. ஃபிராங்க் வில்சன் 1965இல் மோடவுன் நிறுவனத்துக்காக 'டூ ஐ லவ் யூ' பாடினார். மாதிரித் தட்டுகள் அச்சான பிறகு வெளியீடு கைவிடப்பட்டது, தட்டுகளும் அழிக்கப்பட்டன. தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2009இல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. நல்ல பாட்டுதான், கால் தானாக ஆடும். ஆனால் அந்த விலை பாட்டின் விலையா, அரிய பொருளின் விலையா? பழைய தட்டு கைமாறும்போது பாடியவருக்கு ஒரு காசு போவதில்லை. வில்சனாவது பிறருக்குப் பாட்டுகள் தயாரித்து வெற்றி பெற்றார், பிறகு போதகர் ஆனார். மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அரிதாக இருப்பதால் மட்டுமே ஒரு தட்டைக் கொண்டாடுகிறவரிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: ஆயிரம் பிரதி கிடைத்தால் இதைக் கேட்பீர்களா?

ஹோவர்ட் டேட் என்றொருவர். 1967இல் ரேகவாயின் தயாரிப்பில் 'கெட் இட் வைல் யூ கேன்' பாடினார். பிறகு ஜானிஸ் ஜாப்ளின் பாடியதால்தான் அந்தப் பாட்டு உலகுக்குத் தெரிந்தது. டேட் இசையை விட்டுக் காப்பீட்டு முகவரானார், ஒரு மகளைத் தீயில் பறிகொடுத்தார், போதையில் விழுந்தார், வீடில்லாமல் அலைந்தார், மீண்டு போதகர் ஆனார். இறந்துவிட்டார் என்றே ரசிகர்கள் நினைத்திருந்தபோது 2001இல் கண்டுபிடிக்கப்பட்டார். 2003இல் அதே ரேகவாயுடன் மறுபடி ஒரு ஆல்பம். அந்தக் கீச்சுக்குரல் அப்படியே இருந்தது.

நள்ளிரவில் வந்த இரண்டாவது இளைஞரை விட்டுவிட்டேனே. ஓ. வி. ரைட் 1964இல் கோல்ட்வாக்சுக்கு ஜேமிசன் எழுதிய 'தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்' பாடினார். உடனே ஓட்டிஸ் ரெட்டிங் அதைப் பாடிவிட, பேர் அவருக்குப் போயிற்று. அது போதாதென்று, ரைட் ஏற்கெனவே எங்களோடு ஒப்பந்தம் போட்டவர் என்று இன்னொரு நிறுவனம் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டது. 1980இல், 41 வயதில் இறந்தார். கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. 2008இல்தான் ரசிகர்கள் பணம் சேர்த்து ஒரு கல் நட்டார்கள்.

1971இல் அவர் பாடிய 'எ நிக்கல் அண்ட் எ நெயில்' இது. ஒருகாலத்தில் வசதியாக இருந்தவன், இன்று பையில் இருப்பது ஒரு ஐந்து சென்ட் நாணயமும் ஓர் ஆணியும். இரண்டையும் கிலுக்கிக்கொண்டே நடக்கிறான், பை நிறையக் காசு இருப்பதாக ஊர் நினைக்கட்டும் என்று. தம்பி, அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஊசியை வைக்கிறேன்.