சுவருக்கு ஒரு ஈ-டைப்: படம் வாங்குமுன் எதைப் பார்ப்பது?

வணக்கம் மக்களே! பின்னால் தெரிகிறதே, அதைப் பற்றித்தான் இன்றைக்கு. 1961-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஜாகுவார் ஈ-டைப், நாலடி நீளப் பிரிண்ட், பக்கவாட்டுத் தோற்றம்.

முன்பக்கம் தெரிகிற படமாக வாங்கியிருக்கலாமே என்பீர்கள். முன்னாலிருந்து பார்த்தால் அது அழகான கார், அவ்வளவுதான். பக்கத்திலிருந்து பார்த்தால்தான் மால்கம் சேயரின் கைவேலை புரியும். விமானக் கம்பெனியிலிருந்து ஜாகுவாருக்கு வந்தவர், வளைவுகளைக் கணக்குப் போட்டே வரைந்தவர். கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், பாருங்கள். மூக்கில் கிளம்புகிற கோடு முன்சக்கரத்துக்கு மேலே மெல்ல எழும்பி, கதவருகே தாழ்ந்து, பின்சக்கரத்தில் மறுபடி எழும்பி, வாலில் போய் ஒடுங்குகிறது. எங்கேயும் முறியவில்லை. இந்தக் கோட்டைச் சொதப்பிய படம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அப்புறம், '1961' என்று அடியில் போட்டு எந்த ஈ-டைப்பை வேண்டுமானாலும் விற்கிறார்கள். ஹெட்லைட்டைப் பாருங்கள். ஆரம்பகால வண்டிகளில் அதன்மேல் கண்ணாடி மூடி உண்டு. 1967 வாக்கில் அதை எடுத்துவிட்டார்கள். முன்பக்கப் படமென்றால் வைப்பரை எண்ணுங்கள், மூன்று இருக்க வேண்டும். இரண்டு வைப்பரும் மூக்கின் அகன்ற திறப்பில் கம்பி கிரில்லும் இருந்தால் அது 1971-ல் வந்த 12 சிலிண்டர் வண்டி. அதுவும் நல்ல வண்டிதான், ஆனால் 1961 இல்லை.

நம்பர் பிளேட்டில்தான் வரைந்தவரின் லட்சணம் தெரியும். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகம். ஓட்டிப் பார்க்க வந்த கூட்டத்துக்கு ஒரு வண்டி போதவில்லை. இங்கிலாந்தில், ஜாகுவார் தொழிற்சாலை இருந்த கோவென்ட்ரியில் இருந்த டெஸ்ட் டிரைவர் நார்மன் டூயிஸுக்குத் தகவல் போக, மனிதர் இரவோடிரவாக இன்னொன்றை ஜெனீவாவுக்கே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதன் எண் 77 ஆர்டபிள்யூ, மேலே திறந்த ரோட்ஸ்டர். ஏற்கெனவே அங்கே இருந்த கூரை வண்டி 9600 எச்பி. கூரை போட்ட காருக்கு 77 ஆர்டபிள்யூ எழுதியிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996-ல் ஒரு நீல ரோட்ஸ்டரையே சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அவர்களிடம் இடம் இருக்கிறது, நமக்குப் படம்தான்.

பிரேம்? கண்ணாடி வேண்டாம். டியூப்லைட் வெளிச்சம் நேராகப் பானெட்டில் விழுந்து அந்தக் கோட்டையே மறைத்துவிடும். பளபளப்பில்லாத மேட் பேப்பராகக் கேட்டு வாங்குங்கள்.