விடையை உடனே சொல்லாதீர்கள்

அவைத்தலைவர் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, இடம் தந்து உதவிய தலைமையாசிரியர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய புலவர் ஐயா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் வேப்பமரத்தடியில் நிற்கும் பெரியோர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சிலேடை விடுகதை, அதாவது ஒரே சொல்லை இரு பொருள்பட வைத்துக் கட்டும் விடுகதை பற்றி மூன்று சேதி சொல்ல வேண்டும்: அதன் பெருமை, அதைக் கட்டும் முறை, நம் வட்டாரத்து விடுகதைகள். அதற்கு முன் ஒரு பழமொழி: பதறாத காரியம் சிதறாது. விடுகதைக்கும் அதுதான் சட்டம்.

விடுகதையைப் ‘பிசி’ என்று சொல்லி, செய்யுளியலில் இலக்கணமே வகுத்தார் தொல்காப்பியர். இரட்டுற மொழிவதில், அதாவது சிலேடை பாடுவதில், காளமேகப் புலவரை மிஞ்ச ஆளில்லை. நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவர் நடத்திய சத்திரத்துக்குப் பசியோடு போனாராம். இலை விழவே இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தார், பாட்டு வந்துவிட்டது. ‘அத்தமிக்கும் போதில் அரிசி வரும், குத்தி உலையிலிட ஊரடங்கும், ஓரகப்பை அன்னம் இலையிலிட வெள்ளி எழும்.’ பொழுது சாயும்போதுதான் அரிசியே வருகிறது, உலையில் போடுவதற்குள் ஊர் தூங்கிவிடுகிறது, ஓர் அகப்பைச் சோறு விழுவதற்குள் விடிவெள்ளி முளைத்துவிடுகிறது! காத்தான் பதறி ஓடிவந்து கும்பிட்டார். புலவர் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ‘ஊரில் அரிசி அற்றுப்போகும் பஞ்சத்திலும் உன் சத்திரத்துக்கு அரிசி வரும்; உலையில் இட்டால் ஊர்ப்பசி அடங்கும்; இலையில் விழும் சோறு வெள்ளி முளைத்ததுபோல் வெளுத்திருக்கும்’ என்றாராம். வசையே வாழ்த்தாகிவிட்டது!

இனி, கட்டும் முறை. இரு பொருள் உள்ள சொல் ஒன்றை எடுங்கள். ‘ஆறு’ என்று வைத்துக்கொள்வோம். நதிக்குரிய வினைகளை ஒரு பக்கம் எழுதுங்கள்: ஓடும், வற்றும், நனைக்கும். எண்ணுக்குரியதை மறுபக்கம் எழுதுங்கள். கேள்வி நதிப்பக்கம் இழுக்க வேண்டும், விடை எண்பக்கம் இருக்க வேண்டும். ‘நனையாமல் தாண்டும் ஆறு எது?’ ‘ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் இருப்பது.’ இதையே ‘எந்த ஆற்றில் இறங்கினால் நனைய மாட்டோம்?’ என்று கேட்டால் கெட்டது. நதி ‘ஆற்றில்’ ஆகும். எண் ‘ஆறில்’ என்றே நிற்கும். வேற்றுமை உருபு ஏறினால் குட்டு உடைந்துவிடும். ‘நூல்’ போன்ற சொல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. புத்தகமானாலும் தைக்கிற நூலானாலும் ‘நூலில்’தான்.

சொல்லைப் பிரித்துக் கட்டுவது பிரிமொழிச் சிலேடை. ‘பல கை உண்டு, ஒன்றையும் பிடிக்காது’ என்றால் பலகை. ‘பல’ என்று நிறுத்திக் ‘கை’ என்று அழுத்தினால் கெட்டிக்காரப் பிள்ளை அங்கேயே பிடித்துவிடும். ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

இப்போது என் வேண்டுகோள். விடுகதைக்கு அடியிலேயே விடையை அச்சடிக்கிறோமே, அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கண் தானாகக் கீழே போய்விடுகிறது; பிள்ளை யோசிக்க இடமே இல்லை. பதறாத காரியம் சிதறாது. ஒவ்வொரு பள்ளியிலும் திங்கட்கிழமை கரும்பலகையில் ஒரு விடுகதை எழுதுங்கள். வெள்ளிக்கிழமை விடையை எழுதுங்கள். நடுவில் நான்கு இரவுகள் அது வீட்டுத் திண்ணையில் தாத்தா பாட்டியிடம் போய்வரட்டும். தலைமையாசிரியர் இதை இந்த மேடையிலேயே அறிவித்தால் மகிழ்வேன். வட்டார விடுகதைகளுக்கு நேரம் போதவில்லை, பொறுத்தருள்க.

முதல் வாரத்துக்கு ஒன்று: ‘காலையிலேயே கட்டி வைக்கலாம், ஆனால் பொழுது சாய்ந்தால்தான் வரும். அது என்ன?’ விடை வெள்ளிக்கிழமை.