ஒரே ஊருக்கு ஒன்பது சனிக்கிழமைகள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம். பரிமாற்ற மாணவியாக ஜப்பானில் ஓராண்டு படித்த காலத்தில் வார விடுமுறைகளை எவ்வாறு கழித்தேன் என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். என்னோடு கியோட்டோவில் தங்கியிருந்த மாணவர்கள் வாரத்துக்கு ஓர் ஊராகச் சுற்றி வந்தார்கள். நானோ ஒரே பருவத்தில் ஒன்பது சனிக்கிழமைகள் நாரா என்ற ஒரே ஊருக்குப் போனேன். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

கியோட்டோவிலிருந்து நாராவுக்கு விரைவு வண்டி முக்கால் மணி நேரத்தில் போய்விடும். எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். நான் அதில்தான் போவேன். இனாரி நிலையத்தில் கோயிலுக்குப் போகிறவர்கள் கும்பலாக இறங்கிவிடுவார்கள். உஜி வந்ததும் தேயிலைக் கடைகள் நினைவுக்கு வரும். கையிலுள்ள பத்து யென் நாணயத்தில் பொறித்திருக்கும் மண்டபம் அந்த ஊரில்தான் நிற்கிறது. அதற்குப் பிறகு வண்டியில் இருப்பவர்கள் பெரும்பாலும் வீடு திரும்பும் உள்ளூர்க்காரர்களே.

முதல் சனிக்கிழமை எல்லோரும் பார்ப்பதை நானும் பார்த்தேன். தலையை ஆட்டி ஆட்டித் தின்பண்டம் கேட்கும் மான்களையும், தோதைஜி கோயிலில் ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கும் வெண்கலப் புத்தரையும் பார்த்துவிட்டு, நாராவை முடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டு திரும்பினேன்.

மூன்றாவது முறை போனபோதுதான், அந்தப் புத்தர் இருக்கும் மண்டபத்துக்கு முன்னால் திறந்தவெளியில் நிற்கும் எண்கோண வெண்கல விளக்கின் அருகே நின்றேன். அதுவரை இரண்டு முறையும் அதைக் கடந்துதான் உள்ளே போயிருக்கிறேன். அதன் பக்கங்களில் பின்னல் வேலைப்பாட்டின் நடுவே, புத்தநிலையை நோக்கிச் செல்லும் அருளாளர்களான போதிசத்துவர்கள் நின்று இசைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் குழல் ஊதுகிறார். துளைகளின் மேல் விரல்கள் படிந்திருக்கும் விதமும், காற்றில் அலையும் மேலாடையின் மடிப்பும், மழையும் வெயிலும் பட்டுப் பச்சை பூத்த வெண்கலத்தில் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. உள்ளே இருக்கும் புத்தர் சிலை 1180இலும் 1567இலும் போர்த் தீயில் சிதைந்து, மீண்டும் மீண்டும் வார்க்கப்பட்டது. வெளியே நிற்கும் இந்த விளக்கு எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

அந்த எட்டாம் நூற்றாண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நம் சிற்பிகள் சாமி சிலைக்குக் கடைசியாகக் கண் திறப்பதை நீங்கள் அறிவீர்கள். அதே போன்ற சடங்கு இந்தப் புத்தருக்கு 752ஆம் ஆண்டில் நடந்தது. தூரிகையைப் பிடித்துக் கண்ணைத் தீட்டியவர், 736இல் ஜப்பானுக்கு வந்து சேர்ந்த போதிசேனர் என்னும் துறவி. அவரைத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்றே ஜப்பானியப் பதிவுகள் குறிப்பிடுகின்றன. அந்தத் தூரிகையில் நீலச் சாயமேற்றிய நீண்ட பட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, தாங்களும் கண் திறந்த பலனைப் பெற்றார்கள். அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் என்னும் பழம்பொருள் களஞ்சியத்தில் இன்றும் இருக்கின்றன. அங்குள்ள பொருள்களில் சிலவற்றை மட்டும் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். நான் வரிசையில் நின்று உள்ளே போன ஆண்டில் கயிறு இடம்பெறவில்லை. இருந்தாலும், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கயிற்றைக் காத்து வைத்திருக்கும் ஊரில் நிற்கிறோம் என்ற எண்ணமே அன்றைக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் வகுப்பில் ஜப்பானிய எழுத்துகளை வரிசையாகச் சொல்லும்போது எனக்கு உடல் சிலிர்த்தது. அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹ வரிசை முற்காலத்தில் ப என்றே ஒலித்தது என்று மொழியறிஞர்கள் கூறுகிறார்கள். நேயர்களே, நம் நெடுங்கணக்கை ஒரு முறை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். பௌத்தத் துறவிகள் வடமொழி எழுத்துமுறையைக் கற்றதன் வழியாக உருவானதுதான் அந்த ஜப்பானிய வரிசை. அவ்வளவு நாள் வெறும் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்ததை, நாராவுக்குப் போய் வந்த பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன்.

தேநீர்ச் சடங்கைப் பற்றியும், கியோட்டோவின் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21ஆம் தேதி கூடும் சந்தையைப் பற்றியும் சொல்லக் குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஆகவே சென்தோ என்னும் பொதுக் குளியல் கூடத்தைப் பற்றி மட்டும் சொல்லி விடைபெறுகிறேன்.

சனிக்கிழமை இரவு நாராவிலிருந்து திரும்பியதும், விடுதிக்கு அருகிலிருந்த சென்தோவுக்குப் போவேன். சிறிய முக்காலியில் அமர்ந்து, சோப்பு நுரை துளியும் இல்லாமல் உடலைக் கழுவிய பிறகுதான் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். நான் கைத்துண்டோடு தண்ணீருக்குள் அமர்ந்திருந்ததைக் கண்ட ஒரு பாட்டியம்மா, எதுவும் பேசாமல் தம் துண்டை நான்காக மடித்துத் தலைமேல் வைத்துக் காட்டினார். நானும் அவ்வாறே வைத்துக்கொண்டேன். அடுத்தடுத்த வாரங்களில் அவர் தலையசைத்தார், பிறகு புன்னகைத்தார். ஒன்பதாவது சனிக்கிழமை நான் தொட்டியில் இறங்குவதற்குள் அவரே கேட்டார்: "இன்றைக்கும் நாராவுக்கா போய் வந்தாய்?"