துப்பாக்கிக்கு என் கடையில் இடமில்லை

வணக்கம். ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருக்கிறேன், முழுதாகத் தூக்கினால் பேச விடமாட்டார்கள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில், அதுவும் எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்தில், அமைதியான நேரம் என்று ஒன்று கிடையாது.

"அக்கா, காது குத்தும் கடைக்கு எவ்வளவு முதல் போட வேண்டும்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். போட்டதைவிட, விட்டதைச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் ஒரு மொத்த வியாபாரியிடம் டைட்டானியம் கம்மல் இருநூறு ஜோடி வாங்கினேன். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு! மூன்றாவது வாரம் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். மடல் சிவந்து, துளையைச் சுற்றி நீர் கசிந்து காய்ந்திருந்தது. மறுநாள் இன்னொருவர். சோதனைக்கு அனுப்பினால், அது 316எல் ஸ்டீல். அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறையாமல் நிக்கல் இருக்கும். நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அந்த ஸ்டீலிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நகை விற்க வந்தவள் நான், என் வளையலே அடகுக்கடைக்குப் போனது.

இப்போது ஏ.எஸ்.டி.எம். எஃப்-136 என்ற தரச் சான்றிதழ் இல்லாமல் ஒரு பொட்டலத்தைக்கூடப் பிரிப்பதில்லை. உடம்புக்குள் பொருத்தும் கருவிகளுக்கு வைத்திருக்கும் தரம் அது.

அடுத்தது, காது குத்தும் துப்பாக்கி. ஒரு நொடியில் குத்திவிடும், கூட்டத்தைச் சமாளிக்கலாம், உண்மைதான். ஆனால் அது மழுங்கிய கம்மலைச் சதைக்குள் நெட்டித் தள்ளுகிறது. பெரும்பாலானவற்றின் உடல் பிளாஸ்டிக். கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் பெட்டியில், 121 டிகிரி நீராவியில் வைத்தால் உருகி நிற்கும். இதோ, இந்த ஊசியைப் பாருங்கள். உள்ளே குழல். ஓர் ஆளுக்கு ஓர் ஊசி, முடிந்ததும் குப்பைக்கு. நியூயார்க்கில் 2019-இல் இரண்டு பெண்கள் தொடங்கிய 'ஸ்டட்ஸ்' கடையும் ஊசியை வைத்துத்தான் வளர்ந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் எனக்கு இந்த எண்ணமே வந்தது.

"குருத்தெலும்பில் குத்துவதெல்லாம் இந்தக் காலத்துப் பைத்தியம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஆயா மேல்காதில் கொப்பும் முருகும் போட்டிருந்தவர். ஹெலிக்ஸ் என்று நான் பலகையில் எழுதி வைத்திருப்பது அந்த இடத்தைத்தான்!

போன ஞாயிறு ஒரு குடும்பம் வந்தது. தாய்மாமன் மடியில் குழந்தை, கையில் சௌகார்பேட்டையில் வாங்கிய 22 காரட் தோடு. எச்.யு.ஐ.டி. என்ற ஹால்மார்க் எண் எல்லாம் சரியாக இருந்தது. திருகாணிதான் தொல்லை. புதுத் துளை வீங்கும், தண்டுக்கு இடம் வேண்டும். திருகாணியை இறுக்கினால் சதைக்குள் புதையும். "முதலில் தட்டையான முதுகுள்ள டைட்டானியம். மடல் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம், அதற்குப் பிறகு உங்கள் தோடு" என்றேன். மாமன் முகம் வாடிவிட்டது. சீர் அவருடையது அல்லவா! தோட்டைத் தாம்பாளத்தில் வைத்துப் படம் எடுத்துக் கொடுத்தேன், சமாதானமானார். குழந்தை அழுதது, அதை ஒன்றும் செய்ய முடியாது.

எட்டு வாரம் கழித்து மாற்றிவிடுவதற்குக் காசு வாங்குவதில்லை. கணக்கர் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார். ஆனால் அந்த இரண்டாவது வருகையில்தான் அக்காவுக்கும் சித்திக்கும் காது குத்தலாமா என்று கேட்கிறார்கள்.

பெரம்பூரில் கிளை எப்போது என்கிறீர்கள். கடை கிடைத்துவிட்டது, கைதான் கிடைக்கவில்லை. என்னிடம் பழகும் இரண்டு பெண்களும் ஐந்து மாதமாகச் சிலிகான் காதில்தான் குத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்திக்குக் கோணம் இன்னும் சாய்கிறது. அது நேராகும்வரை...

இருங்கள், யாரோ ஷட்டரைத் தட்டுகிறார்கள். வருகிறேன் அம்மா, ஒரு நிமிடம்!