12 வோல்ட் பேட்டரியில் 5 வோல்ட் போர்டை ஓட்டுவது எப்படி?

[திரையில்: 12 வோல்ட் பேட்டரி, பக்கத்தில் ராஸ்பெர்ரி பை 3]

இருப்பது 12 வோல்ட் பேட்டரி. ஓட வேண்டியது ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கம்ப்யூட்டர், அது 5 வோல்ட் போர்டு. நேராக மாட்டினால் போர்டு அவ்வளவுதான். நடுவில் 7 வோல்ட்டைக் குறைக்க வேண்டும். அதை எப்படிக் குறைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பலர் முதலில் எடுப்பது மூன்று கால் 7805 ஐசி. மலிவு, இணைப்பதும் சுலபம். ஆனால் மிச்சமான 7 வோல்ட்டை அது சூடாக்கியே தீர்க்கும். 1 ஆம்பியர் இழுத்தால் போர்டுக்குக் கிடைப்பது 5 வாட். ஐசியில் வெறும் சூடாகப் போவது 7 வாட். சீலிங் ஃபேனுக்கு இருந்த பழைய பெட்டி ரெகுலேட்டர், வேகத்தைக் குறைத்தால் சுடுமே, அதே கதைதான்.

[திரையில்: எல்எம்2596 போர்டு, குளோசப்]

அதற்குப் பதில் இது: எல்எம்2596 பக் கன்வெர்ட்டர், அதாவது சுவிட்ச் செய்தே வோல்டேஜைக் குறைக்கும் போர்டு. ஐசிக்குள் இருக்கும் சுவிட்ச் நொடிக்கு 1,50,000 தடவை ஆன், ஆஃப் ஆகிறது. ஆன் ஆகும்போது கரண்ட் காயில் வழியாகப் போகிறது. காயிலின் காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்கிறது. ஆஃப் ஆனதும் காயில் கரண்டைச் சட்டென்று நிற்க விடாது. சேர்ந்த ஆற்றலை ஷாட்கி டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது) வழியாகச் சுற்றவிட்டு லோடுக்கு, அதாவது 5 வோல்ட் போர்டுக்குக் கொடுக்கும். மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தை அவுட்புட் கெப்பாசிட்டர் சமன் செய்யும்.

12-லிருந்து 5 வர, ஒவ்வொரு சுற்றிலும் சுவிட்ச் சுமார் 42 சதவீத நேரம் ஆனில் இருந்தால் போதும். இழப்பை ஈடுகட்ட நிஜத்தில் கொஞ்சம் கூடும். அவுட்புட்டின் ஒரு பங்கை ஐசி தனக்குள் இருக்கும் நிலையான 1.23 வோல்ட்டோடு ஒப்பிட்டு இந்த நேரத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. அந்தப் பங்கைத் தீர்மானிப்பது நீல நிற டிரிம் பாட், திருகைச் சுற்றி மாற்றும் சின்ன ரெசிஸ்டர்.

கணக்கைப் பாருங்கள். அவுட்புட் 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட். திறன் 80 சதவீதம் என்றால் பேட்டரி தருவது 12.5 வாட். வெளியே 2 ஆம்பியர் போகும்போது பேட்டரியில் ஓடுவது சுமார் 1 ஆம்பியர்தான்! 7805-இல் இது நடக்கவே நடக்காது.

[திரையில்: மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர்]

லோடை இப்போதே மாட்டாதீர்கள். இன்புட்டில் பேட்டரியை மட்டும் கொடுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் கன்வெர்ட்டர் போய்விடும், இதில் அதற்குப் பாதுகாப்பு கிடையாது. அவுட்புட்டில் மீட்டரை வைத்து டிரிம் பாட்டின் திருகை இடப்பக்கம் சுற்றுங்கள். புது கன்வெர்ட்டரில் பத்துச் சுற்று சுற்றியும் மீட்டர் அசையாமல் இருக்கலாம். பாட் கெட்டுவிட்டது என்று நினைக்காமல் தொடருங்கள். 5.1 வோல்ட்டில் நிறுத்துங்கள்.

சரியாக வைத்து ராஸ்பெர்ரி பையை மாட்டியும் அதன் திரையில் மஞ்சள் மின்னல் குறி வருகிறதா? போர்டுக்கு வரும் வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி கேபிள். 28 கேஜ் மெல்லிய வயர் ஒரு மீட்டர் நீளம் என்றால், போக வர 0.43 ஓம். 2 ஆம்பியரில் 0.85 வோல்ட் கேபிளிலேயே தொலைகிறது. அதற்காக டிரிம் பாட்டை 5.8-க்கு ஏற்றுபவர்கள் உண்டு. செய்யாதீர்கள், லோடு குறைந்ததும் அந்த 5.8 அப்படியே போர்டில் ஏறும். 20 கேஜ் தடித்த வயர், ஒரு சாண் நீளம்: பிரச்சினை தீர்ந்தது.

ஐசியின் டேட்டாஷீட்டில் 3 ஆம்பியர் என்று இருக்கும். ஹீட்சிங்க் இல்லாமல் 2-க்கு மேல் நம்ப வேண்டாம். 1 ஆம்பியரிலேயே தொட முடியாமல் சுட்டால் போலி ஐசியாக இருக்கலாம். அவற்றில் பல 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் ஓடும். அந்த வேகத்துக்கு இந்தக் காயில் போதாது. அலைக்காட்டியில் வைத்தால் தெரிந்துவிடும்.

ஐசியின் உள்சுவிட்ச் ஷார்ட் ஆனால் 12 வோல்ட்டும் நேராக 5 வோல்ட் போர்டுக்குப் போகும். அதனால் பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி 2 ஆம்பியர் ஃபியூஸ், அவுட்புட்டில் 5.6 வோல்ட், 5 வாட் ஜீனர் டயோடு. வோல்டேஜ் எகிறினால் ஜீனர் கரண்டை இழுத்து ஃபியூஸை எரித்துவிடும். ஜீனரும் சேர்ந்து போகலாம். போகட்டும், அதன் விலை சில ரூபாய்தான்.