மலையே இல்லாத படத்தில் மலை எங்கே? சாவோ வூ-கி பற்றி ஒரு நேயரின் கேள்வி

அடுத்த கேள்வி. போன காணொளியில் நான், சீனாவில் பிறந்து பாரிசுக்குப் போன ஓவியர் சாவோ வூ-கியின் படங்களை நிலக்காட்சி ஓவியங்கள் என்று சொல்லியிருந்தேன். அதைப் பார்த்த ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "அந்தப் படங்களில் மலையும் இல்லை, மரமும் இல்லை, நிறங்கள்தான் கொந்தளிக்கின்றன. அப்புறம் அது எப்படி நிலக்காட்சி? சீன மரபு அதில் எங்கே இருக்கிறது? உருவங்களே இல்லாத அமெரிக்க அரூப ஓவியத்தைப் பார்த்து வரைந்ததுதானே?"

கிழக்கும் மேற்கும் கலந்த ஓவியர் என்று இவரைப் பற்றி வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. எது எங்கே வேலை செய்கிறது என்று அது சொல்வதில்லை. அதனால் சாவோவை விட்டுவிட்டு முதலில் ஓர் ஆயிரம் வருடம் பின்னால் போகலாம்.

தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் ஃபான் குவான் என்ற, சீனாவின் சோங் அரச மரபுக் காலத்து ஓவியரின் படம் ஒன்று இருக்கிறது. மலைகளுக்கும் ஓடைகளுக்கும் நடுவே பயணிகள் போகும் படம். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். மேலே முழுவதையும் ஒரே பாறை மலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கீழே வலது பக்கம், தேடிப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்குச் சின்னதாகச் சுமை ஏற்றிய கழுதைகளும் ஆட்களும் போகிறார்கள். இந்த மலைக்கும் கீழே இருக்கிற காட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பனிமூட்டம். அதை அவர் எப்படி வரைந்தார்? ஏறக்குறைய வரையவே இல்லை. பட்டுத்துணியை அப்படியே விட்டுவிட்டார். அந்த இடைவெளி இருப்பதால்தான் மலை அவ்வளவு தூரத்தில், அவ்வளவு பெரிதாக எழுந்து நிற்கிறது. அதை மூடிப் பாருங்கள், மலை உடனே சின்னதாகிவிடும்.

சீன நிலக்காட்சி ஓவியர் ஓர் இடத்தில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிவதை அப்படியே பிரதி எடுப்பவர் இல்லை. மலையில் நடந்து திரிந்துவிட்டு வந்து, அங்கே காற்றும் மூட்டமும் நீரும் எப்படி நகர்ந்தன என்பதைத் தூரிகையில் கொண்டுவருகிறவர். குவோ ஷி என்ற இன்னொரு சோங் காலத்து ஓவியர், அண்ணாந்து பார்க்கிற தூரம், ஊடுருவிப் பார்க்கிற தூரம், கிடையாகப் பார்க்கிற தூரம் என்று மூன்று வகை தூரங்களைச் சொன்னார். ஒரே படத்துக்குள் மூன்றும் வரலாம். ஐரோப்பியப் படத்தில் இருப்பது போல எல்லாக் கோடுகளும் ஒரு புள்ளியில் போய் முடிய வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

சரி, இப்போது சாவோவுக்கு வருவோம். பெய்ஜிங்கில் பிறந்தவர். ஹாங்ஜோ நுண்கலைப் பள்ளியில் படித்தார். அங்கே அவருடைய ஆசிரியர் லின் ஃபெங்மியான், பிரான்சில் ஓவியம் கற்றுத் திரும்பியவர். 1948-இல் சாவோ பாரிசுக்குப் போனார். போனபோது சீன மரபு ஓவியத்தின் கருவியான மையை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்தார். சீனர் என்றால் மையும் மூங்கிலும்தான் என்று பாரிசில் யாரும் தன்னை ஓர் அலமாரிப் பொருளாகப் பார்த்துவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிற இடம் இது. 1951-இல் சுவிட்சர்லாந்தில் ஓவியர் பால் கிளேயின் படங்களைப் பார்த்தார். சின்னச் சின்னக் குறிகளாலேயே ஓர் உலகம் எழும் அந்தப் படங்கள், அவர் விட்டுவிட்டு வந்த மரபின் பக்கமே அவரைத் திருப்பின. 1954-இல் 'காற்று' என்ற படம் வந்தது. பழைய சீன எழுத்துகள் போலவே இருக்கும், ஆனால் வாசிக்க முடியாத குறிகள் மேலிருந்து கீழாக அசைகின்றன. உருவம் அதில் இல்லை.

நேயரின் சந்தேகத்துக்கு இந்த 1954 என்ற ஆண்டு முக்கியம். சாவோ நியூயார்க் போய் அமெரிக்க ஓவியர்களைச் சந்தித்தது 1957-இல். அதற்கு முன்பே அவர் அரூபத்துக்கு வந்துவிட்டார். அமெரிக்கா அவருக்கு ஒன்றும் தரவில்லை என்று சொல்ல மாட்டேன். அதன் பிறகு கேன்வாஸ் பெரிதானது, கை வீச்சு தோளிலிருந்து வர ஆரம்பித்தது. கொஞ்ச காலத்தில் குறிகளும் மறைந்தன. பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பு வைப்பதையும் விட்டுவிட்டு முடித்த தேதியை மட்டும் எழுதினார்.

இனி முக்கியமான விஷயம், எண்ணெய் வண்ணத்தை அவர் என்ன செய்தார் என்பது. டர்பன்டைன் என்ற கரைப்பானை விட்டு அதை நன்றாக நீர்க்கச் செய்தார். அது வழிந்தது, கசிந்தது, கேன்வாஸில் மை ஊறுவது போலப் பரவியது. ஓரங்களில் அடர்த்தி, நடுவில் ஒளி. அந்த நடுப்பகுதியில்தான் ஃபான் குவானின் பனிமூட்டம் இருக்கிறது. மலையின் பெயரை எடுத்துவிட்டார், மலைக்கு உயரம் கொடுத்த அந்த இடைவெளியை வைத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் இந்தப் படங்களை நிலக்காட்சி என்று சொல்ல இந்த ஒரு காரணம் போதும்.

மேற்கு அவருக்குத் தந்தது வேறு. மை காகிதத்தில் இறங்கிவிட்டால் இறங்கியதுதான், திரும்ப எடுக்க முடியாது. எண்ணெய் வண்ணத்தைச் சுரண்டலாம், மேலே பூசலாம், அடுத்த வாரம் வந்து மறுபடி தொடலாம். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் சிட்டி கட்டடத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் கேட்டு இவர் வரைந்த மூன்று பலகைப் படத்தின் பெயர் 'ஜூன்-அக்டோபர் 1985'. 10 மீட்டர் அகலம். பார்த்தால் ஒரே மூச்சில் வீசியது போல இருக்கும். எத்தனை மாத வேலை என்று தலைப்பே சொல்கிறது. 2018-இல் ஹாங்காங் ஏலத்தில் அது 51 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. இன்று அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் பேசுகிறார்கள், அதுதான் வருத்தம்.

1972-இல் அவருடைய மனைவி மே இறந்தார். அந்தத் துயரக் காலத்தில், கவிஞரும் நண்பருமான ஆன்ரி மிஷோ தூண்ட, ஒதுக்கி வைத்த மையை மறுபடி எடுத்தார். அதற்குப் பிந்தைய எண்ணெய்ப் படங்களில் வெற்றிடம் இன்னும் அகலமாகிறது.

எல்லாரும் இதே வழியில் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தைவானின் லியு குவோ-சுங் எண்ணெய் வண்ணத்திலிருந்து விலகி மைக்கு வந்தவர். தடித்த நார்கள் ஒட்டிய காகிதத்தில் மை பூசி, பிறகு நார்களை உரித்து எடுத்தார். கருமைக்குள் வெள்ளைக் கோடுகள் பனி படிந்த மலைமுகடாக நிற்கும். சாவோவுடன் ஹாங்ஜோவில் படித்த வூ குவான்சோங் பாரிசில் பயின்றுவிட்டு 1950-இல் சீனாவுக்கே திரும்பிவிட்டார். கடைசிவரை வீடுகளையும் மரங்களையும் அவர் முழுதாக விடவே இல்லை.

கேள்வி கேட்ட நண்பரே, ஃபான் குவானின் படத்தையும் சாவோவின் 1960-களின் படம் ஒன்றையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இது மலையா, மேகமா என்று தேட வேண்டாம். அடர்ந்த இடத்திலிருந்து ஒளி இருக்கும் இடத்துக்கு உங்கள் கண் எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் இரண்டிலும் கவனியுங்கள். என்ன தோன்றியது என்று எழுதுங்கள், அடுத்த முறை அதிலிருந்தே பேசலாம்.